பழைய டோர் நிரலா, புது ஆர்ட்டியா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஒப்பீடு

கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும், கோவைக்குக் காலேஜ் போய்வரும் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். போன மாதம் வேலந்தாவளத்துத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, டோர் சோர்ஸ் கோட் படிக்கலாம்னு இருக்கேன். சி-ல இருக்கிற பழசப் படிக்கட்டா, ரஸ்ட்ல புதுசா எழுதுறாங்களே, அதப் படிக்கட்டா?"

சி, ரஸ்ட் இரண்டும் நிரல் எழுதும் மொழிகள். ரஸ்ட்டில் புதிதாக எழுதப்படும் டோருக்கு ஆர்ட்டி என்று பெயர். உடனே பதில் சொல்ல வரவில்லை. கடையில் கிடந்த 4 ஜி.பி. லேப்டாப் ஒன்றில் இரண்டையும் ஒரு வாரம் ஓட்டினேன். இரண்டின் மாற்றக் குறிப்புகளையும் ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

டோர் என்பது, யார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இணையத்தில் உலவ உதவும் வலையமைப்பு. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: ஒட்டன்சத்திரத்தில் ஏற்றிய மூட்டை ஒன்று பாலக்காடு மார்க்கெட்டுக்கு வருகிறது. நடுவில் மூன்று வண்டி மாறுகிறது. முதல் டிரைவருக்கு ஏற்றிவிட்டவரைத் தெரியும், எங்கே இறங்கப் போகிறது என்று தெரியாது. கடைசி டிரைவருக்கு இறங்கும் கடை தெரியும், அனுப்பியது யார் என்று தெரியாது. நடுவில் இருப்பவருக்கு முன் வண்டியும் பின் வண்டியும் மட்டுமே தெரியும். மூட்டைக்குள் மூட்டையாகக் கட்டியிருப்பதால், ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு சாக்கைத்தான் அவிழ்க்க முடியும். அந்த வண்டிகளுக்கு ரிலே என்று பெயர். உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் பல ஆயிரம் ரிலேக்களை நடத்துகிறார்கள். எந்தெந்த ரிலே நம்பத்தக்கது என்ற பட்டியலை ஒன்பது டைரக்டரி சர்வர்கள் மணிக்கொரு முறை ஓட்டுப் போட்டு வெளியிடுகின்றன.

இந்த யோசனை 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன், பால் சைவர்சன் மூவரும் உருவாக்கிய டோர் வலையமைப்பு 2002-ல் ஓடத் தொடங்கியது. 2006-ல் டோர் புராஜெக்ட் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் அமைந்தது. அன்றிலிருந்து இன்றுவரை வலையமைப்பைத் தாங்குவது சி மொழியில் எழுதிய நிரல்தான்.

பத்திரிகைக்காரர்களுக்கும் போராளிகளுக்கும் மட்டுமானது இது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஊர் மாதிரி எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், தனக்கு வந்த நோயைப் பற்றித் தேடும் பெண்ணுக்கும் இது வேண்டும். அடிக்கிற புருஷனிடமிருந்து வெளியேற வழி தேடுகிறவளுக்கும் வேண்டும். அதனால் இந்த நிரலில் ஒரு ஓட்டை விழுந்தால் எனக்கு மனசு பதறுகிறது.

பத்துப் படிப் பாத்திரமும் பதினோராவது படியும்

சி-யின் சிக்கலை இப்படிச் சொல்லலாம். பத்துப் படி கொள்ளும் பாத்திரத்தில் பதினோராவது படியை ஊற்றினாலும் சி தடுக்காது. அது வழிந்து பக்கத்துப் பாத்திரத்தில் கலந்துவிடும். பத்துப் படி உள்ள பாத்திரத்திலிருந்து இருபது படி கேட்டாலும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை இந்த இரண்டாவது வகை. ஓட்டை இருந்தது இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் (லைப்ரரியில்), டோரில் அல்ல. ஆனால் டோர் அதன்மேல் நிற்பதால், ரிலே நடத்தியவர்கள் தங்கள் ரகசியக் குறியாக்கச் சாவிகளைத் தூக்கிப் போட்டுப் புதுச் சாவி உண்டாக்க வேண்டி வந்தது.

டோரின் சொந்த நிரலிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2016-லிருந்து தாங்கள் கணக்கெடுத்துவரும் பாதுகாப்புப் பிழைகளில் பாதிக்குக் குறையாதவை, ரஸ்ட் மொழியின் பாதுகாப்பான பகுதியில் எழுதியிருந்தால் நேர்ந்திருக்கவே முடியாதவை என்று 2021-ல் டோர் புராஜெக்ட்டே சொன்னது. எழுதியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்ல. இருபது வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த நிரல் அது. அப்படியும் பாதி.

ரஸ்ட்டின் பாதுகாப்பான பகுதியில் பதினோராவது படியை ஊற்ற முடியாது, ஊற்றப் போனால் நிரல் அங்கேயே நின்றுவிடும். ஒரு பாத்திரம் யார் கையில் இருக்கிறது, யார் எட்டிப் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்பதை, நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் முதலிலேயே கேட்கும். சரியான பதில் இல்லையென்றால் நிரலே உருவாகாது.

சி நிரலில் இன்னொரு கஷ்டமும் உண்டு. என் பார்வையில் இதுதான் பெரியது. ஒரு மூலையில் கைவைத்தால் இன்னொரு மூலையில் ஏதோ அசையும். பல பகுதிகள் ஒரே பொதுத் தரவைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சி-க்குள்ளேயே துண்டு துண்டாக ரஸ்ட்டைப் புகுத்தவும் ஒரு முயற்சி நடந்தது. நெறிமுறைப் (ரிலேக்கள் ஒன்றோடொன்று பேசும் விதிகளின்) பதிப்புகளைக் கணக்கிடும் சிறு பகுதியை ரஸ்ட்டில் எழுதிப் பார்த்தார்கள். பின்னலைத் தாண்டி அது வளரவில்லை, கடைசியில் நீக்கிவிட்டார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் அடியிலிருந்து புதிதாகக் கட்டும் ஆர்ட்டி வந்தது.

ஆர்ட்டிக்கு முதல் பணம் ஸீகேஷ் என்ற டிஜிட்டல் நாணயச் சமூகத்தின் நிதியிலிருந்து கிடைத்தது. 2022 செப்டம்பரில் 1.0.0 வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 1.1.0, டோரைத் தடுத்திருக்கும் இடங்களில் அந்தத் தடையைத் தாண்ட உதவும் பிரிட்ஜ் வசதியைக் கொண்டுவந்தது. 2024-ல் 1.2.0 வந்தபோது ஆனியன் சேவை, அதாவது டோருக்குள்ளேயே இடம் தெரியாமல் இயங்கும் தளம், நடத்தும் வசதியும் சேர்ந்தது. ஏறக்குறைய மாதம் ஒரு பதிப்பு வருகிறது. நிரல் பல சிறு பெட்டகங்களாகப் பிரிந்திருக்கிறது. முதல் ரிலேயைத் தேர்வது ஒரு பெட்டகம், சுற்றை (ரிலேக்கள் வழியான பாதையை) அமைப்பது வேறொன்று, வலையமைப்பின் வரைபடத்தை வைத்திருப்பது மற்றொன்று. புதிதாக வரும் பிள்ளை ஒரே ஒரு பெட்டகத்தை எடுத்து, மற்றதைத் தொடாமல் படித்து முடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ரஸ்ட் என்றவுடன் எல்லாம் பத்திரம் என்று நினைப்பது தப்பு. முதல் ரிலேயை அடிக்கடி மாற்றிவிட்டால் பயனர் அகப்படுவார். ஒரே ஆளின் இரண்டு வேலைகளை ஒரே சுற்றில் அனுப்பினாலும் அகப்படுவார். இவை யோசனைப் பிழைகள், எந்தக் கம்பைலரும் பிடிக்காது. அந்தப் பாடங்களைச் சி நிரல் அடிபட்டுக் கற்றிருக்கிறது. ஆர்ட்டி அவற்றைப் பழைய நிரலின் வரிகளிலிருந்து எடுக்காமல், நெறிமுறை ஆவணங்களிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஆவணத்தில் எழுதாமல் விட்ட பாடம் ஏதாவது இருந்தால் அது தவறிப்போகும் என்பதுதான் என் ஒரே பயம்.

லேப்டாப்பில் ஓட்டியபோது

டெபியன் லினக்ஸில் பழைய டோரை நிறுவ ஒரு கமாண்ட் போதும். 9050 போர்ட்டில் நின்றுகொள்ளும். லாக்கில் (பதிவுக் கோப்பில்) பூட்ஸ்ட்ராப், அதாவது வலையமைப்போடு சேரும் வேலை, நூறு சதவீதம் என்று வந்தால் வேலை முடிந்தது. அமைப்புக் கோப்பில் என்ன சந்தேகம் வந்தாலும் யாரோ எங்கோ பதில் எழுதி வைத்திருப்பார்கள்.

ஆர்ட்டியை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தேன். 4 ஜி.பி. மெமரிக்கு அது பெரிய சுமை. விசிறி கத்த ஆரம்பித்தது, நடுவில் கரண்ட் போனது, பேட்டரியும் செத்த பேட்டரி. மறுநாள்தான் முடிந்தது. ஓட ஆரம்பித்த பிறகு ஒரு குறையும் இல்லை. 9150 போர்ட், ஒழுங்கான டாமில் (TOML) அமைப்புக் கோப்பு, தெளிவான லாக். இணையப் பக்கம் திறக்கும் வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரியவும் நியாயமில்லை, தாமதம் மூன்று ரிலேக்களின் தூரத்தில் இருக்கிறது. பல கோர் உள்ள கணினியில் ஆர்ட்டி வேலையைப் பகிர்ந்து கொடுக்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. பழைய டோரின் முக்கிய வேலை ஒரே இழையில்தான் (த்ரெட்) ஓடுகிறது. ஒரு ஆள் பிரவுசிங் செய்ய இது பொருட்டே அல்ல.

வெறுமனே பயன்படுத்த நினைப்பவர் இந்த ஒப்பீட்டில் இறங்கவே வேண்டாம். டோர் பிரவுசரை இறக்கிக்கொள்ளுங்கள். அதற்குள் இன்றைக்கும் சி டோர்தான் இருக்கிறது.

ரிலே நடத்த ஆசைப்படுபவருக்கும் தேர்வு ஒன்றுதான், சி. ஆர்ட்டியில் ரிலே வேலை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. ரிலேவுக்கு இரு திசையிலும் குறைந்தது 10 மெகாபிட், 16 இருந்தால் நல்லது என்று டோர் புராஜெக்ட் சொல்கிறது. மெமரி 512 எம்.பி. இருந்தால் சிறிய ரிலே ஓடும். எங்கள் பக்கம் தடை வேகத்தில் இல்லை, முகவரியில் இருக்கிறது. கேபிள்காரர் கொடுக்கும் இணைப்பில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐ.பி. வெளியிலிருந்து யாரும் நம் ரிலேவைத் தொட முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் ஸ்னோஃபிளேக் நீட்டிப்பை பிரவுசரில் போட்டுவிட்டால் போதும், தடை உள்ள நாட்டில் இருப்பவருக்கு நம் இணைப்பு படியாக நிற்கும். கடைசி வண்டியான எக்ஸிட் ரிலேவை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். யாரோ செய்த காரியத்துக்கு நம் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஆப் எழுதுகிறவருக்குக் கதை தலைகீழ். பழைய டோர் தனி நிரலாக ஓடும். நம் ஆப் அதைக் கிளப்பி, கன்ட்ரோல் போர்ட் வழியாகப் பேசி, அது விழுந்துவிட்டால் எழுப்ப வேண்டும். ஆர்ட்டியோ ஆரம்பத்திலிருந்தே நிரலகமாகக் கட்டப்பட்டது. ஆப்புக்குள்ளேயே பொருந்திவிடும். டோர் புராஜெக்ட் ஆண்ட்ராய்டுக்குச் சோதனையாக விட்ட டோர் வி.பி.என். அதன்மேல்தான் நிற்கிறது. இந்த ஒன்றுக்காகவே ஆர்ட்டி பிறந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே மாற்றம், இரண்டு இடத்தில்

இப்போது நடக்கும் மாற்றங்களில் என்னை அதிகம் கட்டிப்போட்டது சுற்றின் குறியாக்கம். பழைய முறையில் ஏ.இ.எஸ். என்ற குறியாக்கத்தின் கவுன்ட்டர் வகையால் ஒவ்வொரு அடுக்கும் மூடப்படுகிறது. அதில் ஒரு பிட்டைப் புரட்டினால், எல்லா அடுக்கும் அவிழ்ந்த பிறகும் அதே இடத்தில் அதே பிட் புரண்டிருக்கும். முதல் வண்டிக்காரனும் கடைசி வண்டிக்காரனும் கூட்டாளிகள் என்று வையுங்கள். முதலாமவன் மூட்டையில் ஒரு கீறல் போடுவான், கடைசி ஆள் அதே கீறலைப் பார்த்துச் சரிசெய்து அனுப்புவான். யாருடைய மூட்டை எங்கே போகிறது என்பது இருவருக்கும் தெரிந்துபோகும். கீறலைக் கண்டுபிடிக்க இருந்த முத்திரை வெறும் 4 பைட், அதுவும் எஸ்.எச்.ஏ.-1 என்ற பழசான முத்திரைக் கணக்கின் வழியில்.

புது முறைக்கு கவுன்ட்டர் கால்வா ஆனியன் (Counter Galois Onion) என்று பெயர். இதில் ஒரு பிட்டைத் தொட்டாலும் அந்த மூட்டை முழுக்கக் குழம்பிவிடும், அதற்குப் பின்னால் வருபவையும் குழம்பும். கீறல் போட்டவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. முத்திரை 16 பைட்டாகிறது. ஒவ்வொரு மூட்டைக்கும் சாவி மாறுவதால், பிறகு சாவி திருடு போனாலும் முன்னால் போனதைத் திறக்க முடியாது.

இதை ஆர்ட்டியில் மட்டும் எழுதினால் ஆகாது. மறுமுனையில் இருக்கும் ரிலேக்கள் சி டோர். அதனால் அங்கும் எழுத வேண்டியதாயிற்று. இரண்டு நிரலை ஒருசேர வைத்திருப்பதன் விலை இதுதான்: ஒரே யோசனைக்கு இரண்டு வேலை, இரண்டு சோதனை. சிறிய குழுவுக்கு இது பாரம். ஆனாலும் புது வாய்க்காலில் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்ததைப் பார்க்காமல் பழைய மடையை அடைக்கச் சொல்லும் விவசாயி எங்கள் சித்தூர்ப் பக்கம் யாரும் இல்லை. சி டோரை இன்றே கைவிடச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

டோர் மாதிரியே ஆளை மறைக்கும் இன்னொரு வலையமைப்பான ஐ2பி பற்றியும் பிள்ளைகள் கேட்டார்கள். அங்கேயும் இரண்டு நிரல் உண்டு, ஆனால் உறவு வேறு. ஜாவாவில் எழுதியது மூத்தது, 2003-லிருந்து வருகிறது. சி++-ல் எழுதிய ஐ2பிடி தனிக் குழுவின் வேலை. ஒன்று மற்றதை மாற்ற வரவில்லை, இரண்டும் ஒரே வலையமைப்பில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. என் லேப்டாப் மாதிரி இளைத்த கணினிக்கு ஐ2பிடி நன்றாக ஒத்துப்போகும். ஆனால் ஐ2பி தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் ஊர். வெளி இணையத்துக்குப் போக அது சரியான வழியல்ல.

இனி தம்பியின் கேள்வி. கேரளப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவன் அவன். ஐ.டி. பாடப்புத்தகம் தமிழிலேயே அச்சாகி வந்தது, பள்ளி லேப்டாப்பில் உபுண்டு. டெர்மினலைக் கண்டு மிரளாதவன், பைத்தான் தெரியும், சி காலேஜில் படித்தது. அவனிடம் சொன்னேன்: "ஓட்டுறதுக்கு சி டோரை வச்சுக்கோ. படிக்கிறதுக்கு ஆர்ட்டிய எடு. தப்பு பண்ணா கம்பைலரே உன்கூட மல்லுக்கு நிக்கும், ஊர் பேர் தெரியாத யாரோட உயிரும் உன் பேட்ச்ல தொங்காது. ஆனா முதல்ல நெறிமுறை ஆவணத்தப் படி."

"ஆவணத்தப் படிச்சா போரடிக்குமேண்ணா."

"அதுல எழுதாம விட்டது ஏதாவது பழைய சி-ல இருக்கான்னு தேடு. கண்டுபிடிச்சா அதுதான் உன் முதல் பங்களிப்பு."

முதல் ரிலேயைத் தேர்வு செய்யும் பெட்டகத்தை எடுத்துக்கொண்டு போனான். போன வெள்ளிக்கிழமை நோட்டோடு வந்தான். இடது பக்கத்தில் ஆவணம் சொல்வது, வலது பக்கத்தில் சி செய்வது, நடுவில் ஆர்ட்டி. பதினோராவது வரியில் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருக்கிறான். அந்த இடத்தை இன்னும் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.