தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை: பத்தாவது முடித்த பிள்ளை இருந்தால் போங்கள்

வெளியே பார்த்தால் எல்லா ஊரிலும் இருக்கிற கடைதான். இரண்டு கம்ப்யூட்டர், லேமினேஷன் மெஷின், வாசலில் நாலைந்து பேர் நிற்கிற கூட்டம். ஆனால் கடை நடத்தும் அக்கா காலேஜ், ஐ.டி.ஐ. ஆன்லைன் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்: "ஆறாவதிலிருந்து பையன் எந்த ஸ்கூல்மா?" அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி இரண்டையுமே கவர்மெண்ட் ஸ்கூல் என்றுதான் சொல்வோம். மருத்துவத்திலும் இன்ஜினியரிங்கிலும் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளி அதில் சேராது. கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற தமிழ்ப்புதல்வன் திட்டத்திலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு. இதையெல்லாம் அந்த அக்கா ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்.

என் மகன் ஐ.டி.ஐ.தான் போவேன் என்று நின்றான். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை, படிப்பு அதோடு நின்றுவிடும் என்ற பயம். அக்கா அவனிடமே பேசினார். "ஃபிட்டர் ரெண்டு வருஷம் தம்பி. முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம். டிப்ளமோ முடிச்சா பி.இ.யிலும் நேரா ரெண்டாவது வருஷம்." அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதையும் சொன்னார். வெல்டர் ஒரு வருடம், எட்டாவது போதும். எலக்ட்ரீசியனுக்குப் பத்தாவது வேண்டும். அதே மூச்சில், பத்தோடு பள்ளியை விட்டால் 7.5 சதவீதத்துக்கு வேண்டிய, பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்ற கணக்கு போய்விடும், யோசித்துக்கொள் என்றும் சொன்னார். ஆசை காட்டவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. வீட்டுக்காரர் முகம் தெளிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு இப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. நர்சிங் டிப்ளமோ என்று ஒரு இடத்தில் பணம் கட்டிச் சேர்ந்தாள். ஒரே வருடத்தில் முடிந்த அந்தச் சான்றிதழை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிய முடியவில்லை. முறையான நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். சேரும் முன்னால் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அந்தக் குடும்பத்துப் பணம் தப்பியிருக்கும். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் எங்களுடையது, 68.5 சதவீதம். பல வீடுகளில் முதல் முறையாகக் கல்லூரி வாசல் மிதிக்கிற பிள்ளைகள். அவர்களின் அப்பா அம்மாவுக்கு இந்தக் கடை செய்வது சாதாரண உதவி இல்லை.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக டிகிரி சேரலாமா என்றும் அக்காவிடம் கேட்டேன், என் தம்பிக்காக. அவன் பன்னிரண்டாவது எழுதவில்லை. தமிழ்நாடு அரசு வேலைக்குப் பத்து, பன்னிரண்டு, அப்புறம் டிகிரி என்ற வரிசை வேண்டும், அதனால் முதலில் தனித்தேர்வராகப் பன்னிரண்டை முடிக்கட்டும் என்றார்.

குறை என்றால், உட்கார இடமே இல்லை. ரிசல்ட் வந்த வாரம் வயதானவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். ஒரு பெஞ்சும் தண்ணீர்க் குடமும் வைக்கலாம். கட்டணத்தை எழுதி ஒட்டினால் நல்லது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் அதிகம் வாங்கவில்லை, பேசியதற்கு எதுவும் வாங்கவில்லை.

காலையில் கடை திறக்கும்போதே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் சர்வர் இழுக்கும். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், போட்டோ கையில் இருக்கட்டும். பிள்ளையையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். அவர் பெற்றவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையிடம்தான் பேசுவார்.