2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல்: ரீமேப்பா, ரிப்பேரா?

என் டீசல் கார் 2,10,000 கிலோமீட்டரைத் தாண்டிய சமயத்தில் அதன் இழுவை குறைந்துவிட்டது. நான்காவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்த மேட்டுக்கு மூன்றாவது கேட்டது. முந்திப் போக ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் கிளம்பியது. "ரீமேப் போட்டுவிடு, புது வண்டி மாதிரி ஆகிவிடும்" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ரீமேப் செய்து தரும் டியூனரிடம் பேசி நாள்கூடக் குறித்தாயிற்று. கடைசியில் போடவில்லை. அதற்கு ஒதுக்கிய பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, வண்டியில் தேய்ந்துபோனதைச் சரிசெய்தேன். இந்த முடிவை எடுத்தவன் என்ற முறையில்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். சாய்வு இருக்கத்தான் செய்யும்.

ரீமேப் என்ன செய்யும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். இன்ஜினை ஆளும் கணினியான இசியூவில் பதிந்திருக்கும் கணக்குகளை மாற்றி எழுதுகிறார்கள். டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம் கூடும், உள்ளே போகும் டீசல் கூடும், டார்க்குக்கு, அதாவது இன்ஜினின் திருப்பு விசைக்கு, வைத்திருந்த வரம்பு உயரும். வேறு பாகம் எதையும் மாற்றாத 'ஸ்டேஜ் 1' மேப்பிலேயே டர்போ டீசலுக்கு 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் சக்தி கிடைப்பது சகஜம். என் வண்டியின் 250 நியூட்டன் மீட்டர் டார்க் 310-ஐத் தொடும் என்றார் டியூனர். அது வெறும் பேச்சில்லை. ரீமேப் செய்த நண்பரின் காரை இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன். 1,800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்தும் அந்த இழுப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

மேப்பைத் தொடாமல் வெளியே மாட்டும் டியூனிங் பாக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலானவை டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய்க்கணக்கு காட்டும். இசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் வயதான பம்ப்புக்கும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் அந்தச் சுமையைத் தர எனக்கு மனமில்லை.

'கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே சக்தியை அடக்கி வைத்திருக்கிறார்கள்' என்ற வாதம் பாதி உண்மை. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் 75 குதிரைத்திறனிலும் வந்தது, 90-இலும் வந்தது. ஆனால் 90-இல் டர்போவே வேறு. டர்போவைச் சுழற்றும் புகையின் அளவுக்கேற்ப இதழ்கள் திரும்பும் வகை அது. இரண்டுக்கும் வித்தியாசம் சாஃப்ட்வேரில் மட்டும் இருக்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது கிளட்ச்சும் அதோடு சேர்ந்த கனத்த சக்கரமான ஃப்ளைவீலும்தான். எல்லோரும் குதிரைத்திறனைப் பற்றியே பேசுகிறார்கள். டீசலில் ரீமேப்பின் பாரம் இறங்குவது டார்க்கில், அதுவும் 1,500-க்கும் 2,500 ஆர்பிஎம்முக்கும் இடையில். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை டீசல் எரிந்து உதைக்கும். 1,500 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 உதை. வேகம் கூடினால் உதைகள் நெருங்கி வந்து ஒரே ஓட்டமாகிவிடும். வேகம் குறைவாக இருக்கும்போதோ ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழும். அந்த அதிர்வை விழுங்கத்தான் டூயல் மாஸ் ஃப்ளைவீல் வைத்திருக்கிறார்கள். இரண்டு கனமான தட்டுகள், நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள், அவற்றைச் சுற்றி கிரீஸ். 2 லட்சம் கிலோமீட்டர் உதை வாங்கிய ஸ்பிரிங்குகளின் மேல் இன்னும் 60 நியூட்டன் மீட்டரை ஏற்றச் சொல்வதுதான் ரீமேப்.

கிளட்ச்சும் அப்படித்தான். இன்ஜின் தரும் டார்க்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்படிதான் கம்பெனி அதைச் செய்திருக்கும். பிளேட் தேயத் தேய அந்தக் கூடுதல் பிடிமானம் கரைந்துபோகும். உங்கள் வண்டியில் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பார்க்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆள் நடமாட்டமில்லாத நீளமான ஏற்றத்தில், உயர்ந்த கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதியுங்கள். வண்டியின் வேகம் கூடாமல் ஆர்பிஎம் முள் மட்டும் எகிறினால் கிளட்ச் நழுவுகிறது. அந்த வண்டிக்கு மேப் பேச்சே வேண்டாம்.

என் வண்டியில் முள் எகிறவில்லை. ஆனால் நியூட்ரலில் நிற்கும்போது அடியிலிருந்து மெல்லிய கடகட சத்தம் வந்தது. கிளட்ச் பெடலை மிதித்தால் அது மாறியது. இன்ஜினை அணைக்கும்போது கடைசியில் ஓர் உதறல். "இப்ப இருக்கிற டார்க்குக்கு இது இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அதுக்கு மேல ஏத்தினா என்னால உத்தரவாதம் தர முடியாது" என்றார் மெக்கானிக். ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி என எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ரீமேப் செலவைப் போலப் பல மடங்கு. அவ்வளவு செலவழித்துப் போடும் புது செட்டும் 250-ஐ மனதில் வைத்துச் செய்ததுதான். ஒற்றைத் தட்டு ஃப்ளைவீலுக்கு மாறிவிடலாம் என்பார்கள், மலிவு, வலுவானது. ஆனால் ஸ்பிரிங்குகள் விழுங்கிய அதிர்வில் பெரும்பகுதி அப்புறம் கியர்பாக்ஸுக்குப் போகும்.

சரி, போன இழுவை எங்கே போனது? மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி, மூன்றாவது கியரில் முழுதாக மிதிக்கச் சொன்னார். இசியூ கேட்ட டர்போ அழுத்தம் 2,250 மில்லிபார், வந்தது 1,950. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினோம். வெளியே லேசான ஆயில் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. அவர் அதைக் கையால் வளைத்தபோது, கிளிப்பை ஒட்டி ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு வாய் பிளந்தது. சும்மா இருக்கும்போது மூடிக்கொள்ளும், டர்போ ஊதினால் திறந்துகொள்ளும். இந்த நிலையில் மேப் ஏற்றியிருந்தால் கசியும் காற்றையும் ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்றிருக்கும். காற்று போதாமல் டீசல் மட்டும் கூடினால் கறும்புகை வரும், புகையின் சூடும் ஏறும். அந்தச் சூடு போய்த் தாக்குவதும் டர்போவைத்தான்.

அடுத்து இன்ஜெக்டர். ஒவ்வொன்றின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சிறு பாட்டிலை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். மூன்று பாட்டில்களில் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது. மூன்றாவது சிலிண்டரின் பாட்டிலில் மட்டும் இரண்டு மடங்கு, அதாவது அது உள்ளே கசிகிறது. அந்த இன்ஜெக்டரைச் சரிசெய்து, ஹோஸை மாற்றி, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் இஜிஆர் வால்வையும் காற்று நுழையும் இன்டேக்கையும் அடைத்திருந்த கரியைச் சுரண்டி எடுத்தோம். டீசல் ஃபில்டரும் மாற்றினோம். அந்த மேட்டில் இப்போது நான்காவது கியரே போதும்.

மற்ற விஷயங்கள் சட்டென்று முடிந்துவிடும். ரீமேப்பால் மைலேஜ் கூடும் என்பார்கள்; உயர்ந்த கியரில் நிதானமாக ஓட்டுபவருக்குக் கூடலாம். ஆனால் கூடுதல் சக்தி கூடுதல் டீசலிலிருந்துதான் வருகிறது, கிடைத்த சக்தியைப் பயன்படுத்தினால் டேங்க் சீக்கிரம் காலியாகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மேப் போடாதீர்கள். 'அப்படியே டிபிஎஃப்பையும் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அந்தக் கரியை மற்றவர்கள்தான் சுவாசிக்க வேண்டும்.

ரீமேப்பே கூடாது என்று சொல்ல என்னிடம் போதுமான அனுபவம் இல்லை. நண்பரின் கார் மேப்புக்குப் பிறகு 40,000 கிலோமீட்டர் தொல்லையில்லாமல் ஓடியிருக்கிறது. ஆனால் மேப் போட்டபோது அது 70,000 மட்டுமே ஓடிய வண்டி, என்னுடையதோடு ஒப்பிட முடியாது. ஆட்டோமேட்டிக்கை நான் அதிகம் ஓட்டியதில்லை. அந்த கியர்பாக்ஸுக்கும் தனி டார்க் வரம்பு உண்டு என்பதால், அதையும் கணக்கில் எடுக்காத டியூனரை நம்பமாட்டேன்.

என் வண்டியில் அந்தக் கடகட சத்தம் இன்னும் இருக்கிறது. அது முற்றும் நாளில் கியர்பாக்ஸை இறக்கி முழு செட்டையும் மாற்றப் போகிறேன். அதன் பிறகு ஆசை மிச்சமிருந்தால், 310 வேண்டாம், 280-இல் நிறுத்துங்கள், அதையும் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் ஏற்றுங்கள் என்று கேட்பேன். என் வண்டியைப் பார்க்காமலேயே நாள் குறித்துக் கொடுத்த அந்த டியூனரிடம் போகமாட்டேன். "முதலில் ஸ்கேனரை மாட்டி டர்போ அழுத்தத்தைப் பார்க்கலாம்" என்று சொல்பவராகத் தேடுவேன்.