ரிச்சி தெருவில் வாங்கிய கெபாசிட்டர் பெட்டி: கிதார் பெடலுக்குப் பொருந்துமா?

வீட்டிலேயே கிதார் பெடல் (கிதாரின் ஒலியை மாற்றக் காலால் இயக்கும் சிறு கருவி) செய்வதற்காகச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு சிறு கடையிலிருந்து எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் சிறு உருளை வடிவ உறுப்பு) தொகுப்பு ஒன்றை வாங்கினேன். 1 மைக்ரோஃபாரட் (சேமிப்புத் திறனின் அலகு) முதல் 220 மைக்ரோஃபாரட் வரை தனித்தனி அறைகளில் அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டி அது. மூடியில் ஒட்டியுள்ள அட்டவணையில் மைக்ரோஃபாரட் மட்டுமே இருக்கிறது; எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அதன் உறையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படிப் படித்தபோது சிறிய மதிப்புகள் 50 வோல்ட்டுக்கும், 100, 220 மைக்ரோஃபாரட் இரண்டும் வெறும் 10 வோல்ட்டுக்கும் உரியவை என்று தெரிந்தது. பெடலுக்கு இது தலைகீழான பங்கீடு. சிக்னல் செல்லும் பாதையில் உள்ள சிறிய கெபாசிட்டர்கள் மீது பெரும்பாலும் பெடல் இயங்கும் 9 வோல்ட்டில் பாதியான 4.5 வோல்ட் அளவே விழும். மின்சாரம் நுழையும் இடத்தில் நின்று இரைச்சலை வடிகட்டும் 100 மைக்ரோஃபாரட்தான் முழு மின்னழுத்தத்தையும் தாங்கியாக வேண்டும். புதிய 9 வோல்ட் பேட்டரியே 9.5 வோல்ட் வரை காட்டும் என்பதால், 10 வோல்ட் கெபாசிட்டருக்கு அங்கே மூச்சுவிட இடமில்லை.

நான் செய்த ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும்) பெடலில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். வீட்டிலிருந்த பழைய மின்மாற்றி வகை அடாப்டரில் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், மல்டிமீட்டர் 13.6 வோல்ட் காட்டியது. பெடல் இழுக்கும் சில மில்லி ஆம்பியருக்கு அது இறங்கவும் இல்லை. இணைப்பைக் கழற்றாமல் விட்டிருந்த மூன்றாம் நாள், அங்கே வைத்திருந்த 10 வோல்ட் கெபாசிட்டரின் தலை குவிந்து மேலெழும்பியிருந்தது. அதை எடுத்துவிட்டு 25 வோல்ட் கெபாசிட்டரைப் பற்றவைத்தேன். அதன் குறுக்களவு 5 மில்லிமீட்டரிலிருந்து 6.3 ஆகக் கூடியதால் கால்களைச் சற்று வளைத்து நுழைக்க வேண்டியிருந்தது. வேறு சிரமம் இல்லை.

சீராக்கப்பட்ட (எப்போதும் 9 வோல்ட்டையே தரும்) 9 வோல்ட் அடாப்டரை மட்டுமே பயன்படுத்துவோருக்கு 16 வோல்ட் போதும் என்றாலும், யார் எந்த அடாப்டரைச் செருகுவார்கள் என்று சொல்ல முடியாததால் நான் 25 வோல்ட்டையே தேர்ந்தெடுக்கிறேன். மின்னழுத்தத்தை 18 வோல்ட்டாக இரட்டிப்பாக்கும் சர்க்யூட்டுக்கு 35 வோல்ட் வேண்டும். எல்லாவற்றுக்கும் 63 வோல்ட் வாங்குவதும் வீண்: 100 மைக்ரோஃபாரட் 10 மில்லிமீட்டர் தடிமனாகி, சிறிய அலுமினியப் பெட்டிக்குள் ஜாக்குகளோடு இடத்துக்குப் போட்டியிடும். வோல்ட் கூடினால் ஒலி மாறும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரே மதிப்பில் 16, 50 வோல்ட் கெபாசிட்டர்களை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டதில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. பிளாஸ்டிக் படலத்தால் ஆன ஃபிலிம் கெபாசிட்டர்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 63 அல்லது 100 வோல்ட்டுக்கு உரியவைதாம். டான்டலம் என்ற உலோகத்தில் செய்த கெபாசிட்டர்களில் மட்டும், பயன்படுத்தும் வோல்ட்டைப் போல் தாராளமாக இரு மடங்கு விட வேண்டும், ஏனெனில் அது பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகிவிடும்.

இந்தத் தொகுப்பின் சிறிய மதிப்புகளைக் குறை சொல்ல மாட்டேன். அளந்தவை அனைத்தும் 20 விழுக்காட்டு வரம்புக்குள் இருந்தன. கால்களிலும் ஈயம் நன்றாகப் பிடிக்கிறது. 10 வோல்ட் அறைகள் இரண்டையும் காலி செய்து, தனியாக வாங்கிய 25 வோல்ட் கெபாசிட்டர்களை நிரப்பி, மூடியின் அட்டவணையில் ஒவ்வொரு மதிப்புக்கும் எதிரே வோல்ட்டையும் மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறேன்.