கரண்ட் போனதும் நின்றுபோன ‘இயற்கை’ வெந்நீர் ஊற்று

முதல் நாள் இரவு ஏழரை மணி இருக்கும். நாங்கள் நான்கு பேரும் குளத்துக்குள் இருந்தபோது கரண்ட் போனது. விளக்குகள் அணைந்தன, சரி. சுவரில் பதித்திருந்த பாறையின் இடுக்கிலிருந்து கொட்டிக்கொண்டிருந்த ஊற்றும் அதே நொடியில் நின்றுவிட்டது. ‘பூமியின் ஆழத்திலிருந்து நூற்றாண்டுகளாக இடைவிடாமல் பெருகும் நீர்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களே, அதே ஊற்றுதான். “ஏம்ப்பா, பூமிக்குள்ளயும் கரண்ட் போயிடுச்சா?” என்று பையன் கேட்டான். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தோன்றிய கேள்வி, மூன்று வாரம் உட்கார்ந்து திட்டம் போட்ட எனக்குத் தோன்றவில்லை.

ஊர் சந்தடியை விட்டு விலகி, தனியார் நடத்தும் வெந்நீர் ஊற்று விடுதி எதற்காவது குடும்பத்தோடு போகலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, ஏன் என்பது கடைசியில் தெரியும்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வெந்நீரில் கொஞ்ச நேரம் இருந்தால் இதமாக இருக்கும் என்று டாக்டர் எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கினேன். கிடைத்த படங்கள் ஆளை மயக்கின. விடிகாலை வெளிச்சம், தண்ணீருக்கு மேல் தவழும் ஆவி, சுற்றிலும் மரங்கள், ஒரு மனிதத் தலைகூட இல்லை. இப்போது யோசித்தால் அந்த ஆவியிலேயே ஏமாந்திருக்கிறேன். காற்று நன்றாகக் குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்தும் ஆவி எழும். பனிக்காலத்தில் நம் வாயிலிருந்தே வருகிறதே. அந்தப் படத்திலிருந்து தெரிவதெல்லாம் எடுத்த அன்று குளிர் அடித்தது என்பதுதான்.

பார்த்திருக்க வேண்டியது குளத்தின் விளிம்பை. தாது மிகுந்த ஊற்றுநீர் நெடுங்காலம் பாய்ந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும், இரும்பு துருநிறமாகப் படியும், கந்தகம் இருந்தால் மஞ்சள் பூக்கும். இங்கே நீலநிற டைல்ஸ், அதுவும் கடையிலிருந்து நேற்று இறக்கியது போல. தாது குறைந்த ஊற்றுகளும் இருக்கின்றன, அதனால் இதை மட்டும் வைத்துப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேட்கவாவது தோன்றியிருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பேசியவர் அவ்வளவு பணிவு. “அம்மாவுக்கு ரொம்ப நல்லதுங்க சார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் தண்ணியில இருக்கலாம்” என்றார். காலையில் இரண்டு மணி நேரம் குளம் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்றார். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம், நேரடியாகக் கணக்குக்கு அனுப்பினால் தள்ளுபடி என்றார். முழுத் தொகையையும் அனுப்பினேன். கணக்கில் இருந்தது விடுதியின் பெயர் இல்லை, யாரோ ஒருவரின் பெயர். அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். கார்டில் கட்டியிருந்தால் ‘சொன்ன சேவை கிடைக்கவில்லை’ என்று வங்கியிடம் முறையிட்டுப் பார்க்க ஒரு வழியாவது இருந்திருக்கும். நாமே மனமறிந்து அனுப்பிய பணத்துக்கு அந்த வழி பெரும்பாலும் கிடையாது. தள்ளுபடி கொடுத்து அவர்கள் வாங்கிக்கொண்டது அதைத்தான்.

பணம் போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் நிபந்தனைகள் என்று எட்டுப் பக்க பிடிஎஃப் வந்தது. எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாதாம். குளம் ‘இருப்பைப் பொறுத்துப் பகிரப்படும்’. முன்பே கேட்டு வாங்கிப் படித்திருக்க வேண்டிய காகிதம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரைபடத்தில் அவர்கள் குறித்திருந்த இடம் விடுதியே இல்லை, ஒரு முச்சந்தி. அங்கிருந்து கார் போகாத கரடுமுரடான பாதை, அவர்களுடைய ஜீப்பில்தான் போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். உள்ளே போனதும் செல்போனில் சிக்னல் செத்துவிட்டது. அப்போது அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டோம்.

குளத்தில் ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் இருந்தன. எங்களுக்கு மட்டும் என்றது என்ன ஆயிற்று என்று கேட்டால், “காட்டேஜ் உங்களுக்கு மட்டும்தான் சார்” என்று பதில். சரி, வந்தாகிவிட்டது என்று இறங்கினோம். என் மனைவி பையனைக் குளிப்பாட்டிய காலத்திலிருந்தே வைத்திருக்கும் மிதக்கும் வெப்பமானியைக் கொண்டுவந்திருந்தாள். கொட்டும் இடத்தில் 44 டிகிரி செல்சியஸ், எதிர் மூலையில் 33. அந்த நேரத்தில்தான் கரண்ட் போனது.

ஊற்றுநீர் எப்படிச் சூடாகிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பூமிக்குள் போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு பிளவு வழியே மேலே வருகிறது. இது பல ஆண்டுகள், சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும் பயணம். அப்படி வரும் தண்ணீருக்குச் சுவிட்ச் கிடையாது. காலையில் ஒரு சூடு, மாலையில் ஒரு சூடு என்று மாறுவதும் குறைவு. நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உண்மையான வெந்நீரையே ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைத்து எடுக்கும் நல்ல இடங்களும் உண்டு. அங்கேயும் கரண்ட் போனால் நிற்கத்தான் செய்யும். அதனால் அன்றிரவு நான் உடனே சண்டைக்குப் போகவில்லை.

ஆனால் அரைமணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது பாறையிலிருந்து கொட்டியது பச்சைத் தண்ணீர். குளிர்ந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் சுவருக்குப் பின்னால் எதுவோ உறுமத் தொடங்கியது, டீசல் புகை நாற்றம் வந்தது, அதற்கப்புறம்தான் மெதுவாகச் சூடு ஏறியது. துண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு பாய்லர், இரண்டு மோட்டார், குளத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை மறுபடி உள்ளே அனுப்பும் குழாய். ஊற்று என்று எதுவும் இல்லை. மூன்று குடும்பம் குளித்த தண்ணீரே சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தது.

‘கந்தக ஊற்று’ என்பதும் விளம்பரத்தில் இருந்த வார்த்தை. கந்தக ஊற்று என்றால் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் கூமுட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளி நகை கறுத்துப்போகும். என் விரலில் இருந்த வெள்ளி மோதிரம் இரண்டு நாளும் பளபளப்பாகவே இருந்தது. அடித்தது குளோரின் வாடை, அதுவும் முதல் நாள் மட்டும்.

மறுநாள் காலையில் நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. அம்மா கொட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வாட்ஸ்அப்பில் பேசியவர்தான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாரே. வெளியே வரலாம் என்று எழுந்த அம்மா அப்படியே சரிந்தார். மனைவி தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் தலை படியில் மோதியிருக்கும். ஒரு கை உடைந்து பச்சை நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று அங்கே கிடந்தது. அதில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டோம். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அந்தக் கால் மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை, ஜீப் சாமான் வாங்கப் போயிருந்தது.

திரும்பி வந்தபின் டாக்டர் விளக்கினார். வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும். அம்மா ஏற்கெனவே பிபி மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டும் சேர்ந்து, சட்டென்று எழுந்ததும் தலைசுற்றிவிட்டது. வெந்நீர்த் தொட்டிகளில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்துவிடுவது நல்லது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் இறங்கவே கூடாது. மது குடித்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். இதில் ஒன்றுகூட அங்கே எந்தப் பலகையிலும் இல்லை. கைப்பேசிப் படம் எடுத்து எங்களை இணைத்துப் பதிவிடுங்கள் என்று மட்டும் நாலு இடத்தில் எழுதியிருந்தது.

பையனுக்கு வேறு கதை. ஊர் திரும்பிய இரண்டாம் நாள், கால்சட்டை மறைத்திருந்த இடத்தில் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். தோல் மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “பொது வெந்நீர்த் தொட்டி எதிலாவது குளித்தானா?” சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மயிர்க்கால்களில் தொற்றுவதால் வருகிறதாம். வெந்நீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும், அடிக்கடி சோதித்துச் சேர்க்காவிட்டால் இது சுகமாக வளரும். ஈரமான நீச்சல் உடை உடம்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் அதிகமாக வரும். குளத்துச் சுவரைத் தொட்டபோது பாசிபோல வழுக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு வாரத்தில் தானாகவே ஆறிவிட்டது.

அது போலி ஊற்றின் தொல்லை. அசலான ஊற்றிலும் பிள்ளைகளைத் தலைமூழ்க விடாதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா 46 டிகிரி வரை தாங்கும். தண்ணீரைக் குடித்தால் அது தொற்றாது, மூக்கு வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். மிக மிக அரிது, ஆனால் வந்தவர்களில் தப்பியவர்கள் சொற்பம். நியூசிலாந்தின் ஊற்றுக்குளங்களில் தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்திருங்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

பணத்தைக் கேட்டேன். மேலாளர் கோபப்படவே இல்லை. “ஊற்று கோடையில வத்திடும் சார், அப்போ மட்டும் பாய்லர்” என்றார். ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டுங்கள் என்றேன். பாம்பு இருக்கும், போக முடியாது என்றார். இதற்கு மேல் என்ன பேசுவது?

வெந்நீர்க் குளியலைக் கலையாகவே வைத்திருக்கும் ஜப்பானிலும் இந்த வேலை நடந்திருக்கிறது என்று அப்புறம் படித்தேன். அங்கே 1948லிருந்து இதற்கென்றே சட்டம் இருக்கிறது. ஊற்றுக்கண்ணில் 25 டிகிரி இருக்க வேண்டும், அல்லது பட்டியலில் உள்ள 19 வகைப் பொருள்களில் ஒன்றாவது குறித்த அளவில் இருக்க வேண்டும். அப்படியிருந்தும் 2004இல், பால்நிற நீருக்குப் பேர்போன ஷிரஹோனே என்ற ஊரில், நிறத்துக்காகத் தண்ணீரில் பொடி கலந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆனது. மறு ஆண்டு விதியைத் திருத்தினார்கள். வேறு தண்ணீர் சேர்க்கிறீர்களா, சூடாக்குகிறீர்களா, அதையே சுழற்றிவிடுகிறீர்களா, கிருமிநாசினியோ வேறு பொருளோ கலக்கிறீர்களா என்பதை விடுதிக்காரர்கள் எழுதி வைக்க வேண்டும். முன்பணம் அனுப்புவதற்கு முன் இந்த நாலு கேள்வியை அப்படியே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். கூடவே ஊற்றுக்கண்ணில் வெப்பம் எவ்வளவு, நீர்ப் பரிசோதனை அறிக்கை எந்தத் தேதியுடையது, குளத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை வடித்துக் கழுவுகிறார்கள் என்றும் கேளுங்கள். சூடாக்கிய தண்ணீர் என்று ஒப்புக்கொள்கிற இடத்துக்குப் போவதில் தப்பே இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு அதுவே போதும்.

வந்த பின் இணையத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இரண்டே நாளில் அந்தப் பணிவான குரல் அழைத்தது. விமர்சனத்தை எடுத்துவிட்டால் ஓர் இரவு இலவசமாகத் தங்கலாமாம். நான் எடுக்கவில்லை. ஒரு மாதத்தில் அந்த விடுதியின் பக்கமே காணாமல் போனது. என் விமர்சனமும் அதோடு போனது, என்னைப் போல எழுதியிருந்த மற்ற மூன்று பேருடையதும் போனது.

போன வாரம் வேறொரு பெயரில் ஒரு புதிய விளம்பரம் பார்த்தேன். படங்களும் புதிது, டைல்ஸுக்கு மேல் கருங்கல் பதித்திருக்கிறார்கள், ஆவி முன்பைவிட அதிகம். நான்காவது படத்தில் இடது ஓரம், மரத்தடியில், பச்சைக் கயிறு கட்டிய ஒரு வெள்ளை நாற்காலி இருக்கிறது.