ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்?

சிவகாசிப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. ஏழாம் வகுப்புக்கும் அங்கேயேதான் போகிறாள். நல்ல பள்ளி. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் எழுதப் போகிறேன் என்பதால் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளி தேடிக்கொண்டிருக்கும் அம்மா அப்பாக்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தேர்ச்சி விகிதம் என்பது ஊர்ப் பெருமை. பொதுத்தேர்வு முடிவில் வருடக்கணக்காக மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. மே மாதம் வந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் ஃபிளெக்ஸ்தான். 100 சதவீதத் தேர்ச்சி, 490-க்கு மேல் இத்தனை பேர், கோட்டு போட்ட பிள்ளைகளின் படங்கள். நான் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிகளின் நோட்டீஸ்கள் எங்களிடமே அச்சுக்கு வரும். அத்தனையிலும் அதே 100தான் இருக்கும்.

எனக்கு அந்தப் படங்களில் இல்லாத பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. எதிர்வீட்டு மதினியின் மகன் எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே மெட்ரிக் பள்ளியில் படித்தவன். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, ‘இவனால் பத்தாம் வகுப்பைத் தாண்ட முடியாது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். கணக்கில் 28 மார்க் எடுத்ததுதான் அவன் செய்த குற்றம். பள்ளி தன் பக்கத்திலிருந்து எழுத்தில் ஒன்றும் தரவில்லை. மதினியே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்ததுபோல ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பதினோரு வருடம் ஃபீஸ் கட்டிய குடும்பம். அந்தப் பையன் இரண்டு மாதம் வாசலுக்கே வரவில்லை.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கி நிறுத்தி வைக்க முடியாது. பத்தில் பொதுத்தேர்வு வந்துவிடும். நடுவில் இருப்பது ஒன்பது ஒன்றுதான். 100 சதவீதம் காட்ட நினைக்கிற பள்ளி வடிகட்டுவது அங்கேதான். அதனால் மகளுக்காகப் பார்க்கப் போன எல்லாப் பள்ளியிலும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டேன்: முந்தின வருடம் ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் பத்தாவது எழுதினார்கள்?

ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஏ.சி. அறையில் உட்கார வைத்து, ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் ஃபவுண்டேஷன் இருக்கிறது, ரோபோட்டிக்ஸ் இருக்கிறது என்று அழகாகச் சொன்னார்கள். என் கேள்விக்கு மட்டும், ‘மேனேஜ்மெண்ட்டிடம் கேட்டுச் சொல்கிறோம்’ என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை. ஒரு மெட்ரிக் பள்ளி முதல்வர், ‘எங்களிடம் எல்லாப் பிள்ளைகளும் பாஸ்’ என்று முடித்துக்கொண்டார்.

இப்போது மகள் படிக்கும் இந்தப் பள்ளியில் தலைமை ஆசிரியை பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்து மேஜையில் வைத்தார். “ஒன்பதில் 118 பேர்ம்மா. பத்தாவது எழுதினது 115. ஒரு பிள்ளை குடும்பத்தோட திருப்பூர் போயிருச்சு. ஒண்ணு உடம்பு சரியில்லாம திரும்பவும் ஒன்பது படிக்குது. இன்னொண்ணு பாட்டியோட வீட்டு வேலைக்குப் போகுது, கூட்டிட்டு வர டீச்சரை அனுப்பியிருக்கேன்” என்றார். 115 பேரில் தேறியவர்கள் 109. தேறாத ஆறு பேரும் அந்த நேரத்தில் பக்கத்து அறையில் துணைத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். மே மாதக் கடைசி, பள்ளிக்கு லீவு. ஒரு டீச்சர் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவர்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அறையைப் பார்த்ததுமே இந்தப் பள்ளிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் என்ன என்று இளம் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. நிர்வாகம் தனியாருடையது, அனுமதிக்கப்பட்ட இடங்களில் இருக்கும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு தருகிறது. நம் தென்மாவட்டங்களில் சமூக அமைப்புகளும் திருச்சபைகளும் தொடங்கிய பழைய பள்ளிகள் நிறைய இந்த வகைதான். விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை 1889-இல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைத்து நடத்திய பள்ளி என்று இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி ஊரே சேர்ந்து வளர்த்த பள்ளிகளை விட்டுவிட்டு, வேன் வருகிறது என்பதற்காக முப்பது கிலோமீட்டர் தள்ளிப் பிள்ளையை அனுப்புகிறோம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ் வழிக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரு சிறு தொகை, அவ்வளவுதான். புத்தகம், பை, காலணி எல்லாம் அரசு தருவது. மதியம் சத்துணவு, முட்டையோடு. மகள் முதல் வாரம் வீட்டிலிருந்து டிஃபன் கொண்டு போனாள், அப்புறம் தோழிகளோடு வரிசையில் நின்று சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். போக வர அரசு பஸ் பாஸ். அதே வளாகத்தில் ஆங்கில வழி வகுப்பும் உண்டு. ஆனால் அது சுயநிதிப் பிரிவு, வருடத்துக்கு 9,000 ரூபாய் சொன்னார்கள். அதில் பாடம் எடுப்பவர்களுக்கு நிர்வாகமே சம்பளம் தருவதால் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழி என்று சேர்க்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு சேர்க்க வேண்டும். முழுத் தனியார் பள்ளியென்றால் கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழு நிர்ணயித்த தொகைக்கு மேல் வாங்கக் கூடாது.

பாடம் நடத்துவதைப் பற்றி. ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஒரு நாள் மகளிடம், ‘உங்க அம்மா அச்சகத்தில் வெட்டிப் போடுற துண்டுக் காகிதம் கிடைக்குமா’ என்று கேட்டு அனுப்பினார். கட்டிங் மெஷினில் விழும் ஓரத் துண்டுகளை ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தேன். ஒரே நீளமான பட்டைகளாகப் பிரித்து ஆளுக்கு நாலைந்து கொடுத்திருக்கிறார். ஒரு பட்டையை இரண்டாக மடி, இன்னொன்றை மூன்றாக மடி, இரண்டையும் பக்கத்தில் வைத்து எது பெரிய துண்டு என்று பார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னபோது துண்டுகளின் நீளம் ஒத்துப்போகவில்லை. அப்புறம் இரண்டு பட்டைகளையும் ஆறாறு பாகமாக மடிக்க வைத்திருக்கிறார். அரை என்பது ஆறில் மூன்று, மூன்றில் ஒன்று என்பது ஆறில் இரண்டு, மொத்தம் ஆறில் ஐந்து. ‘பகுதியை ஏன் சமமாக்குறோம்னு இப்பத்தான்மா தெரியுது’ என்று வீட்டில் வந்து எனக்கு மடித்துக் காட்டினாள். ஐந்தாம் வகுப்பில் இதே பின்னக் கூட்டலைச் செய்யச் சொன்னால் அழுதவள் அவள். பின்தங்கும் பிள்ளைகளுக்கு அந்த டீச்சர் சாயங்காலம் அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்கிறார். பிள்ளைகள் வெட்கப்படக் கூடாது என்று நன்றாகக் கணக்குப் போடுகிற இரண்டு பேரையும் கூடவே உட்கார வைக்கிறார்.

ஆங்கிலம் அப்படி இல்லை. டீச்சர் ஒரு வரி வாசித்துத் தமிழில் அர்த்தம் சொல்கிறார், பிள்ளைகள் கேள்வி பதிலை மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு வருடம் முடிந்தும் என் மகள் ஆங்கிலத்தில் சொந்தமாக நாலு வாக்கியம் எழுதத் திணறுகிறாள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். வாரம் ஒரு பீரியடைப் பேசுவதற்கும் எழுதுவதற்கும் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கிறதா என்று இந்த வருடம் மகளிடம் வாராவாரம் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

அதைவிடப் பெரிய குறை கழிப்பறை. பிள்ளைகள் எண்ணிக்கைக்கு அது போதவே போதாது. மத்தியானத்துக்கு மேல் உள்ளே போக முடியாது. நாப்கின் எரிக்கும் இயந்திரம் இருக்கிறது, ஓடவில்லை. இதனால் பாதிப் பிள்ளைகள் பள்ளி விடும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. மகள் கொண்டுபோகும் பாட்டில் சாயங்காலம் நிறைந்தபடியே திரும்பி வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. வயதுக்கு வருகிற பருவத்தில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கான பள்ளியில் ஸ்மார்ட் போர்டுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது இதுதான். அம்மாக்கள் சேர்ந்து கேட்டபிறகு பழைய மாணவிகளின் உதவியோடு புதிதாக ஒரு வரிசை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுவர் எழும்பிவிட்டது, கதவு இன்னும் போடவில்லை. பள்ளி பார்க்கப் போகிறவர்கள் காலையில் கழுவிவிட்ட நேரத்தில் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

விளையாட்டுக்கு முழு மார்க். பி.டி. பீரியடை வேறு யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கோ-கோவும் எறிபந்தும் தினமும் நடக்கிறது. நூலகம் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார்கள்.

ஆறாம் வகுப்பில் எடுக்கிற முடிவு பன்னிரண்டு வரைக்கும் கூடவே வரும் என்பதைச் சேர்க்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. பிள்ளைக்கு டாக்டர் கனவு இருந்தால் அரசுப் பள்ளியையும் நிச்சயம் போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதைப் பேசித்தான் முடிவெடுத்தோம், மகளுக்கு அந்தப் பக்கம் ஆசை இல்லை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2024-25 முதல் உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கும் உண்டு. அதே பள்ளியின் ஆங்கில வழிக்கு இல்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வில் தேர்ந்தெடுக்கப்பட்டால் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் கிடைக்கும். இந்தப் பள்ளியில் அதற்கு ஏழாம் வகுப்பிலேயே பயிற்சி தொடங்குகிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்பதால், நடுவில் மாறியவர்கள் அதை நம்பிச் சேர்க்க வேண்டாம்.

மேல்நிலை வகுப்புகளைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு. 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது சரி. ஆனால் பதினொன்றின் பாடத்தை நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டையே உருப்போட வைத்த பள்ளிகளால்தான் 2017-18-இல் அந்தத் தேர்வே வந்தது. பழைய வழக்கம் திரும்பினால் கல்லூரி முதல் வருடத்தில் பிள்ளைகள்தான் தவிக்கும். இதையும் தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் இயற்பியல் நோட்டை வரவழைத்துக் கையில் கொடுத்தார். பாடம் வரிசையாகப் போயிருந்தது, செய்முறைப் பதிவேட்டிலும் தேதியோடு கையெழுத்து இருந்தது.

நன்றாக ஆங்கிலம் பேச வேண்டும் என்பதே முதல் தேவை என்றால் இந்தப் பள்ளி இப்போதைக்குச் சரிவராது. கணக்கிலோ வாசிப்பிலோ கொஞ்சம் மெதுவான பெண் பிள்ளை, கூச்ச சுபாவம், பெரிய ஃபீஸ் கட்ட முடியாத வீடு என்றால் தைரியமாகச் சேர்க்கலாம்.

சேர்க்கைக்கு டி.சி., எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்), பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் எடுத்துக்கொண்டு போனால் போதும். நுழைவுத் தேர்வு வைப்பதில்லை. காலை பத்து மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் பட்டாசு ஆலை வேன்களும் மில் பஸ்களும் போவதால் பள்ளி வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.