காரில் 5 வோல்ட் எடுக்க நீல பிரீசெட் மாட்யூல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

"3 ஆம்பியர் தாங்கும், கார்லயே போட்டுக்கலாம்" என்று ஒரு கடையில் கொடுத்த எல்.எம்.2596 மாட்யூல் (காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு பலகை; வோல்டேஜை அதிலுள்ள நீல பிரீசெட்டைத் திருகி மாற்றலாம்), டேஷ்கேமை, அதாவது காரின் முன்கண்ணாடியில் மாட்டும் கேமராவை, எரித்துவிட்டது. கேட்டால் "உங்க வயரிங் தப்பு" என்றார்கள். வயரிங்கில் தப்பே இல்லை.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிப்பின் முதுகில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள், அதன் மேல் புதிதாக அச்சடித்த எழுத்து. அசல் 2596 150 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும். இது 50-ஐ ஒட்டித்தான் ஓடியது. அதே காயிலில் ரிப்பிள் (மின்சாரத்தில் வரும் ஏற்ற இறக்கம்) மூன்று மடங்காகிறது; லோடு ஏறினால் சிப் கொதிக்கிறது. அசல் சிப்பின் சில்லறை விலையே இந்த முழு மாட்யூலைவிட அதிகம். விலையிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

கேமராவை எரித்தது சிப் அல்ல, அந்தப் பித்தளைத் திருகு வைத்த நீல பிரீசெட். அவுட்புட்டுக்கும், அவுட்புட் வோல்டேஜைச் சிப் கவனிக்கும் ஃபீட்பேக் காலுக்கும் நடுவில் இருப்பது அதுதான். வண்டி குலுங்கி உள்ளே தொடர்பு ஒரு கணம் விட்டாலும், வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று சிப் முழுக்கத் திறந்துவிடும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட். 5 வோல்ட் கருவிக்குள் 12-க்கு மேல் பாய்கிறது.

5 வோல்ட்டுக்கே நிலையாகச் செய்த 2596-5.0 வாங்குங்கள். கையில் இருப்பதுதான் என்றால் 5 வோல்ட்டுக்குத் திருகிவிட்டு, பிரீசெட்டைக் கழற்றி அதன் மதிப்பை அளந்து, அதற்கு நெருங்கிய 1 சதவீத ரெசிஸ்டரை அதே இடத்தில் சால்டர் செய்யுங்கள். அவுட்புட் 4.9-க்கும் 5.2-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

இன்புட் கெப்பாசிட்டர் சில மாட்யூல்களில் 35 வோல்ட்தான். ஓடும் வண்டியில் பேட்டரி ஒயர் கழன்றால் ஆல்டர்னேட்டர் அதைத் தாண்டித் தள்ளும். 50 வோல்ட்டுடையதாக மாற்றி, முன்னால் 1.5கேஇ27ஏ டி.வி.எஸ். டயோடு (திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுப்பது) போடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். அது காப்பாற்றுவது ஒயரை, கருவியை அல்ல.

மாட்டும் முன் சோதிக்க 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் இரண்டைப் பேரலலாக அவுட்புட்டில் போடுங்கள். 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். ரெசிஸ்டரைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும். 15 நிமிடத்தில் வோல்டேஜ் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பில்லில் ஆம்பியரையும் "காருக்கு" என்பதையும் எழுதி வாங்குங்கள். மாற்றித் தர மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய அந்தப் பில்தான் ஆதாரம்.