பிட்ஃபீல்டா, மாஸ்க்கா: நெட்வொர்க் டிரைவரில் எதை எங்கே வைப்பது

160, 100. ஈதர்நெட் ஃபிரேம் ஒன்றின் வி-லேன் டேக்கிலிருந்து, கம்பியில் வந்த வரிசையிலேயே எடுத்த இரண்டு பைட்டுகள் இவை. வி-லேன் என்பது ஒரே கம்பியில் ஓடும் பல நெட்வொர்க்குகளை எண் வைத்துப் பிரிக்கும் முறை. 802.1கியூ விதிப்படி இந்த 16 பிட்டில் முதல் 3 பிட் முன்னுரிமை. அடுத்த 1 பிட், நெரிசல் வந்தால் இந்த ஃபிரேமைக் கைவிடலாமா என்பதற்கான அடையாளம். மீதி 12 பிட் வி-லேன் எண். கணக்குப் போட்டால் முன்னுரிமை 5, வி-லேன் 100.

இதையே சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்டாக, விதியில் உள்ள வரிசைப்படியே 3, 1, 12 என்று பிட்ஃபீல்டு, அதாவது இத்தனை பிட் என்று அளவு சொன்ன உறுப்புகளாகப் பிரித்து எழுதுங்கள். சாதாரண எக்ஸ்86 லேப்டாப்பில் ஜிசிசி வைத்து கம்பைல் செய்து, பைட் வரிசையை முறையாக ஹோஸ்ட் வரிசைக்கு, அதாவது அந்த சிப்பின் சொந்த வரிசைக்கு மாற்றிவிட்டே படியுங்கள். முன்னுரிமை 4, வி-லேன் 2566 என்று வரும். மாற்றாமல் படித்தால் முன்னுரிமை 0, வி-லேன் 1610. நான்குமே செல்லுபடியாகும் எல்லைக்குள் இருக்கிற எண்கள்தான். கம்பைலர் எச்சரிக்காது, பிழைச்செய்தி வராது. ஃபிரேம் மட்டும் தப்பான வி-லேனுக்குப் போய்ச் சேரும்.

மாஸ்க் வழியில் வேண்டிய பிட்டுகளை மட்டும் ஆண்ட், ஷிஃப்ட் செய்து நாமே எடுக்கிறோம். ஹோஸ்ட் வரிசைக்கு மாற்றிய எண் 41060. அதை 4095-உடன் ஆண்ட் செய்தால் 100. வலப்பக்கம் 13 இடம் நகர்த்தினால் 5. எந்த சிப், எந்தக் கம்பைலர் என்றாலும் இதே விடைதான்.

எங்களுக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் எக்ஸ்86 லேப்டாப்பில் எழுதுகிற கோடு, ஏற்காட்டு காபி எஸ்டேட்டுகளில் வானிலைக் கருவிகளையும் பம்புகளையும் இணைக்கிற சின்ன ரவுட்டர்களில் ஓடுகிறது. அவற்றில் பாதி, பழைய ஏதெரோஸ் சிப் வைத்த பிக் எண்டியன் (எண்ணின் மேல் பைட்டை முதலில் வைக்கும்) மிப்ஸ் பெட்டிகள். மீதி, மீடியாடெக்கின் லிட்டில் எண்டியன் (கீழ் பைட்டை முதலில் வைக்கும்) மிப்ஸ். ஒரே டிரைவர் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். தப்பு நடந்து நெட்வொர்க்கே படுத்துவிட்டால் இங்கிருந்து ரிமோட்டில் நுழைய முடியாது. யாராவது சீரியல் கேபிளை எடுத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பனிமூட்டத்துக்குள் அந்தப் பெட்டியைத் தேடிப் போக வேண்டும்.

டிரைவரில் உள்ள பிட்ஃபீல்டுகளை மாஸ்க்காக மாற்றுவது பற்றி, டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, ரெண்டு பக்கமும் சுத்தமா கம்பைல் ஆகுதே, அப்புறம் எதுக்கு மாத்தணும்?" நியாயமான கேள்வி. பதில் சி மொழியின் தரநிலையிலேயே இருக்கிறது. ஒரு யூனிட்டுக்குள், அதாவது அவை அடங்கும் நினைவகத் துண்டுக்குள், பிட்ஃபீல்டுகளை மேலிருந்து கீழாக அடுக்குவதா, கீழிருந்து மேலாக அடுக்குவதா என்பதைத் தரநிலை முடிவு செய்யவில்லை. கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இடம் போதாத ஃபீல்டு அடுத்த யூனிட்டுக்குள் நீளுமா, புது யூனிட்டில் ஆரம்பிக்குமா என்பதும் அப்படித்தான். பஸ்ஸில் மூன்றாவது சீட் என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்று சொல்லாமல் விட்ட மாதிரி. வெறும் இன்ட் என்று அறிவித்த 1 பிட் ஃபீல்டுக்குக் குறி உண்டா இல்லையா என்பதுகூடக் கம்பைலர் கையில். குறி உண்டென்றால் அதில் 1 வைத்துவிட்டுப் படிக்கும்போது −1 வரும்.

"இஃப்டெஃப் போட்டு ரெண்டு வரிசையும் எழுதிட்டா?" என்பது அடுத்த கேள்வி. இஃப்டெஃப் என்பது சிப்புக்கு ஏற்றபடி கோடின் ஒரு பகுதியை மட்டும் கம்பைல் செய்யச் சொல்லும் கட்டளை. அதற்கு லினக்ஸ் கர்னலின் ஐபி ஹெடர் ஸ்ட்ரக்டையே பார்க்கலாம். ஐபிவி4-இன் முதல் பைட்டில் பதிப்பு எண்ணுக்கு 4 பிட், ஹெடர் நீளத்துக்கு 4 பிட். அங்கே பிட்ஃபீல்டுதான் இருக்கிறது, லிட்டில் எண்டியனுக்கு ஒரு வரிசை, பிக் எண்டியனுக்குத் தலைகீழ் வரிசை. ஒரே பைட்டுக்குள் அடங்குவதால் அது நடக்கிறது. அதே ஸ்ட்ரக்டில் சற்றுக் கீழே 3 பிட் கொடியும் 13 பிட் ஃபிராக்மென்ட் ஆஃப்செட்டும் வருகின்றன. அங்கே பிட்ஃபீல்டு இல்லை. ஒரு முழு 16 பிட் பிக் எண்டியன் எண்ணாக வைத்துவிட்டு, கொடிகளை மாஸ்க் வைத்தே எடுக்கிறார்கள்.

காரணத்தை வி-லேன் டேக்கிலேயே பார்க்கலாம். வி-லேன் எண்ணின் மேல் 4 பிட் முதல் பைட்டில், கீழ் 8 பிட் இரண்டாவது பைட்டில். லிட்டில் எண்டியன் சிப் இந்த இரண்டு பைட்டை அப்படியே ஒரு 16 பிட் எண்ணாக ஏற்றினால், அந்த மேல் 4 பிட் 0 முதல் 3 வரையிலும், கீழ் 8 பிட் 8 முதல் 15 வரையிலும் போய் உட்காரும். நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. இரண்டாகப் பிளந்து கிடக்கும் 12 பிட்டை ஒற்றை பிட்ஃபீல்டாகச் சொல்ல வழியே கிடையாது, வரிசையை எப்படி மாற்றிப் போட்டாலும். பைட் வரிசையை முதலில் மாற்றிக்கொண்டால் சொல்லலாம், ஆனால் இஃப்டெஃபும் கூடவே வேண்டும். இரண்டு வேலையும் செய்வதற்கு மாஸ்க்கையே எழுதிவிடலாம்.

ரெஜிஸ்டர், அதாவது சிப்பை இயக்க டிரைவர் படித்து எழுதும் இடம், அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை, அங்கே பிட்ஃபீல்டு கூடவே கூடாது. பல நெட்வொர்க் சிப்களில் இன்டரப்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர், 1 எழுதினால் அந்த பிட் அழியும் வகை. பாக்கெட் வந்தது, அனுப்பி முடிந்தது, லிங்க் மாறியது என்று மூன்று பிட்டும் 1 ஆக நிற்கும்போது, 'பாக்கெட் வந்தது' என்ற பிட்ஃபீல்டில் மட்டும் 1 வைப்பதாக ஒரு வரி எழுதுகிறோம். கம்பைலர் முழு ரெஜிஸ்டரையும் படித்து, அந்த பிட்டைச் சேர்த்து, முழுவதையும் திருப்பி எழுதும். மூன்று பிட்டும் அழிந்துபோகும். லிங்க் மாறிய செய்தி டிரைவருக்கு வரவே வராது. மாஸ்க்கிலும் படித்து, ஆர் செய்து, எழுதினால் இதே கதிதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அங்கே படிப்பதும் எழுதுவதும் தனித்தனி வரியாகக் கண்ணுக்குத் தெரியும், ரிவ்யூ செய்கிறவர் பிடித்துவிடுவார். பிட்ஃபீல்டில் ஒரு சாதாரண சமக்குறி மட்டும்தான் தெரியும்.

அக்கம்பக்கத்தைக் கெடுப்பதும் நடந்திருக்கிறது. 2012-இல் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் வந்த ஒரு பிழை அப்படிப்பட்டது. ஐடேனியம் சிப்பில் ஜிசிசி, ஒரு பிட்ஃபீல்டை எழுதுவதற்கு 64 பிட்டையும் படித்துத் திருப்பி எழுதியது. பக்கத்திலிருந்த ஸ்பின்லாக் (ஒரே நேரத்தில் இருவர் நுழையாமல் தடுக்கும் பூட்டு) அதில் சிக்கிக் கெட்டது. சி11 தரநிலை, பிட்ஃபீல்டு அல்லாத அண்டை உறுப்பைத் தொடக்கூடாது என்கிறது. ஆனால் அடுத்தடுத்த பிட்ஃபீல்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நினைவிடம்தான். இரண்டு சிபியு ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பிட்டை மாற்றினால், ஒன்று காணாமல் போக வாய்ப்பு உண்டு.

சரி, மாஸ்க் என்று முடிவானால் எந்த மாஸ்க்? பழைய டிரைவர்களில் மாஸ்க்குக்கு ஒரு மேக்ரோ, ஷிஃப்டுக்கு ஒரு மேக்ரோ என்று ஜோடி ஜோடியாக இருக்கும். டேட்டாஷீட் மாறும்போது ஒன்றைத் திருத்திவிட்டு இன்னொன்றை விட்டுவிடுவது சுலபம். 2016-இல் வந்த 4.9 கர்னலிலிருந்து ஃபீல்டை எடுக்க ஃபீல்டு_கெட், வைக்க ஃபீல்டு_பிரெப் என்ற மேக்ரோக்கள் இருக்கின்றன. மாஸ்க்கை மட்டும் கொடுத்தால் போதும், எத்தனை இடம் நகர்த்துவது என்பதை அவை தாமே கணக்கிடும். மாஸ்க்கை உருவாக்கும் ஜென்மாஸ்க் மேக்ரோவில் மேல் பிட் எண்ணையும் கீழ் பிட் எண்ணையும் டேட்டாஷீட்டில் உள்ளபடியே எழுதலாம், 15-லிருந்து 13 என்று. ஃபீல்டுக்குள் அடங்காத மாறிலியை வைத்தால் கம்பைலே ஆகாது. ஓடும்போது வரும் மதிப்பு பெரிதாக இருந்தால் மட்டும் சத்தமில்லாமல் வெட்டிவிடும், அங்கே சோதனை நம் பொறுப்பு. கையால் ஷிஃப்ட் எழுதுவதை விட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

மாஸ்க்கிலும் பள்ளம் உண்டு. 64 பிட் ரெஜிஸ்டர் மதிப்பில் ஒரு பிட்டை அழிக்க, 32 பிட் குறியில்லா மாஸ்க்கைத் தலைகீழாக்கி ஆண்ட் செய்தால் மேல் 32 பிட்டும் பூஜ்யமாகிவிடும். 64 பிட்டுக்கான மாஸ்க்கை 64 பிட்டிலேயே எழுத வேண்டும். 31-ஆவது பிட்டுக்கு, குறியுள்ள 1-ஐ நகர்த்தாமல் பிட் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள்.

வேகம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டுக்கும் கம்பைலர் கிட்டத்தட்ட ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன்களைத்தான் தரும்.

பிட்ஃபீல்டுக்கும் உரிய இடம் இருக்கிறது. ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் ஸ்ட்ரக்டை அச்சிட்டால் ஒவ்வொரு ஃபீல்டும் பெயரோடு வரும், மாஸ்க்கில் ஒரு மொட்டை எண்தான் வரும். படிக்கவும் இலகு. லினக்ஸின் எஸ்கே_பஃப் ஸ்ட்ரக்டில் பிட்ஃபீல்டுகள் நிறைய உண்டு. பாக்கெட்டுக்கு ஒன்றாக உருவாகும் ஸ்ட்ரக்டில் ஒவ்வொரு பைட்டும் கணக்கு. அந்த ஃபீல்டுகள் கம்பிக்கும் போவதில்லை, சிப்புக்கும் போவதில்லை. அதே கம்பைலர் எழுதி, அதே கம்பைலர் படிப்பதால் எந்த வரிசையில் அடுக்கினாலும் கவலை இல்லை. நான் கோடு ரிவ்யூவில் பார்ப்பதும் இதைத்தான்: இந்த பிட்டுகளை நம் கம்பைலர் அல்லாத வேறு யாராவது படிக்கிறார்களா? கம்பியின் மறுமுனை, சிப்பின் ரெஜிஸ்டர், டிஎம்ஏ டிஸ்கிரிப்டர் (சிப் நினைவகத்திலிருந்து தானே படிக்கும் குறிப்பு) இந்த மூன்றில் ஒன்று என்றால் மாஸ்க். டிரைவருக்கு உள்ளேயே இருக்கும், ஒரே லாக்குக்குள் மாறும் கொடிகள் என்றால் பிட்ஃபீல்டு இருக்கட்டும், கைவைக்க வேண்டாம்.

மாற்றுகிற வேலையை ரெஜிஸ்டரிலிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் டிஸ்கிரிப்டர், கடைசியில் பாக்கெட் ஹெடர். ஒரு பேட்சில் ஒரு ஸ்ட்ரக்ட் போதும். ஸ்ட்ரக்டில் பிட்ஃபீல்டு இருந்த இடத்தில் எல்இ32 (32 பிட் லிட்டில் எண்டியன்) அல்லது பிஇ16 (16 பிட் பிக் எண்டியன்) என்ற வகையோடு ஒற்றை எண் வரட்டும். அப்போது கோடை ஓட்டாமலே சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவி, பைட் வரிசை மாற்ற மறந்த ஒவ்வொரு இடத்தையும் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். பிறகு ஹெடரைப் பிரிக்கும் ஃபங்ஷன்களை மட்டும் தனியாக எடுத்து பிக் எண்டியன் மிப்ஸுக்கு கிராஸ் கம்பைல் செய்து, லேப்டாப்பிலேயே, வேறு சிப்பைப் போல நடிக்கும் க்யூஇஎம்யூவில் ஓட்டுங்கள். 160, 100 என்ற இரண்டு பைட்டைக் கொடுத்தால் எக்ஸ்86 பில்டிலும் மிப்ஸ் பில்டிலும் 5, 100 வர வேண்டும். வந்த பிறகு பெட்டியை மலைக்கு அனுப்பலாம்.